பரிசு பெற்ற பிள்ளையின் தாயார்

கல்லுமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
ஹல்துமுல்லை.
12.08.2007

அன்புத் தங்கச்சி சக்திக்கு,

அக்கா பாக்கியம் எழுதுவது. நானும் கேசினியும் இங்கே உயிரோடுதான் இருக்கிறோம். இரண்டு மாதமாக ஒரு வரி எழுதாதவளுக்கு அது தெரியட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கோபத்தை அப்புறம் காட்டுகிறேன். முதலில் சந்தோஷத்தைக் கேள். கேசினிக்குப் பரிசு விழுந்திருக்கிறது. சனிக்கிழமை காலையில் டிவியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நிகழ்ச்சி போடுகிறார்களே, அதில் யானைக்குட்டி ஒன்று காட்டை விட்டு ஊருக்கு வருகிற கார்ட்டூன் படத்துக்கு ஒரு மாதமாக விளம்பரம். யானைக்குட்டிக்கு எத்தனை தம்பிகள் என்று ஒரு கேள்வி. பதிலைத் தபாலட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். இவள் இராசையா மாமா வீட்டு டிவியைப் பார்த்துவிட்டு வந்து என்னைப் பிய்த்து எடுத்துவிட்டாள். முப்பது அட்டை எழுதினேன். கொழுந்து பறித்துவிட்டு வந்த கையால் முப்பது அட்டை.

பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் தாய் தகப்பனின் பெயரும் அடையாள அட்டை நம்பரும் எழுத வேண்டுமாம். தகப்பன் போய் மூன்று வருஷமாகிறது. அதனால் என் பெயரை எழுதினேன். நம்பர், நீ அனுப்பின சம்பளத் துண்டில் இருந்தது. பார்த்து எழுதினேன்.

நேற்று டிவியில் வாசித்தார்கள். பாக்கியலெட்சுமி, கல்லுமலைத் தோட்டம், முதல் பரிசு. சைக்கிள். அதோடு ஐப்பசியில் படம் வரும்போது கொழும்பில் தாயும் பிள்ளையும் முதல் நாள் பார்க்கலாம். லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுவதும் எங்கள் வாசலில் நின்றது.

இரண்டு வாரத்துக்குள் அவர்களுடைய ஆபீஸில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அது உன்னிடம்தானே இருக்கிறது. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்க் காட்டு. பெயர் என்னுடையது, படம் உன்னுடையது, சைக்கிள் கேசினியுடையது. யாருக்கு என்ன நஷ்டம்?

அக்கா
பாக்கியம்


வெள்ளவத்தை
19.08.2007

அக்கா,

இதை மர்ஸூக் நானாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். சாமான் எடுக்க வாராவாரம் கொழும்புக்கு வருகிறவர், பெரகலயில் தன் கடையில் வைத்து உங்கள் கையிலேயே கொடுப்பார். இனி நீங்களும் அவரிடமே கொடுங்கள். தபாலில் போடாதீர்கள். உங்கள் கடிதம் என் கைக்கு வரும்போது உறை ஓரமாகக் கிழிந்திருந்தது. தானாகக் கிழிந்ததா, யாராவது பிரித்தார்களா, எனக்குத் தெரியாது. உள்ளே என்னைச் சக்தி என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியே பாக்கியலெட்சுமி என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாம் செய்தது என்னவென்று மறந்துவிட்டீர்களா? தையல் கார்மண்டில் வேலைக்குப் பதினெட்டு வயது கேட்டார்கள், எனக்குப் பதினேழு. உங்கள் பிறப்புப் பத்திரத்தைக் கொடுத்து, என் படத்தை ஒட்டி, தோட்டத்துக் கிளாக்கர் இரகுநாதன் ஐயாவைக் கெஞ்சி அவர் கையாலேயே விண்ணப்பப் பாரம் நிரப்பி அட்டை எடுத்தோம். இப்போது எனக்குப் பத்தொன்பது. அட்டையில் இருபத்தொன்பது. ஒவ்வொரு செக்பொயின்டிலும் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி நிற்கிறேன். போர்டிங்கில் பொலிஸில் பதிந்திருப்பதும் அந்தப் பெயர்தான். பொலிஸ் கேட்டால் வாயில் வருவதும் அந்தப் பெயர்தான். தூக்கத்தில் யாராவது சக்தி என்று கூப்பிட்டால் எழும்பக் கூடாது என்று பழகி வைத்திருக்கிறேன்.

என் அறையில் இருக்கிற தெமோதரைப் பிள்ளை சுலோஜனாவை முந்தின மாதம் பொலிஸ்காரர்கள் கொண்டுபோனார்கள். அவள் அட்டையில் ஊர்ப் பெயர் ஓர் எழுத்து அழிந்திருந்ததாம். மூன்று நாள் வைத்திருந்து விட்டார்கள். என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். ஆனால் இப்போது குளிக்கப் போகும்போதும் அட்டையைப் பையில் சுற்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டு போகிறாள். உண்மையான அட்டை வைத்திருக்கிறவளுக்கே இந்தக் கதி.

ஒரு பெயர், ஒரு நம்பர், இரண்டு பொம்பளைகள். ஒருத்தி டிவியில் நின்றால் மற்றவள் யார் என்று கேட்க மாட்டார்களா? எனக்குச் சைக்கிளும் வேண்டாம், அந்த ஆபீஸ் படியும் வேண்டாம். பரிசு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என் நம்பரை எழுத உங்களுக்கு யார் சொன்னது?

தங்கச்சி


கல்லுமலை
26.08.2007

தங்கச்சிக்கு,

உன் நம்பரா? நன்றாக இருக்கிறதே. என் அம்மா அப்பா எனக்கு வைத்த பெயர் அது.

உனக்குப் பயம், சரி. எனக்கு என்ன இருக்கிறது சொல்? போன வருஷம் கேசினிக்குக் கண் காட்டப் பதுளைக்குப் போனேன். பாதி வழியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அட்டை இல்லை என்றதும் என்னையும் பிள்ளையையும் ரோட்டோரம் நிறுத்திவிட்டு பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள். வெயிலில் மூன்று மணி நேரம். ஓட்டுப் போட்டதில்லை. அதற்குப் பிறகு ஹல்துமுல்லையைத் தாண்டிப் போனதில்லை. இதையெல்லாம் உன்னிடம் சொன்னேனா? தங்கச்சி பிழைக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். முப்பது அட்டையில் என் பெயரை எழுதும்போது, மனசைத் திறந்து சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பெயரை நான் எழுதி எத்தனை நாள்.

சரி. நீ சொன்னபடி பேசாமல் இருந்துவிடுவோம் என்றுதான் இருந்தேன். கேசினியிடம், லொறி வரவில்லை, சைக்கிள் பிந்தும் என்று சொல்லி வைத்தேன். ஆனால் காரியம் கை மீறிவிட்டது. யாரும் அட்டை காட்ட வரவில்லை என்று டிவிக்காரர்கள் தோட்டத்து ஆபீஸுக்கு போன் பண்ணியிருக்கிறார்கள். தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்திருக்கிற தொரை எடுத்திருக்கிறார். தன் தோட்டத்துப் பெயர் டிவியில் வரப் போகிறது என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் ஏழைகள், வர மாட்டார்கள், நீங்களே வாருங்கள் என்று சொல்லிவிட்டார். எட்டாம் தேதி வேன் வருகிறது. கமெராவோடு. தாயும் பிள்ளையும் வாசலில் நின்று சைக்கிள் வாங்குவதைப் படம் பிடிப்பார்களாம். அட்டையையும் பார்ப்பார்களாம்.

கிளாக்கர் ஐயா இதைச் சொல்ல லயத்துக்கே இறங்கி வந்தார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். "பாக்கியம், அந்தப் பாரத்தில என்ர கையெழுத்தும் கிடக்கு. எனக்கு ஓய்வெடுக்க இன்னும் ஒரு வருசம்தான்" என்றார். போகும்போது குடையை எங்கள் வாசலிலேயே மறந்துவிட்டுப் போனார்.

என்ன செய்வது, சொல்.

அக்கா


வெள்ளவத்தை
02.09.2007

அக்கா,

நான்கு நாள் யோசித்தேன். முதலில் கேசினியைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடுங்கள் என்று எழுதினேன். கிழித்துவிட்டேன். ஓடினால் ஏன் ஓடினாள் என்று கேட்பார்கள். தொரை விசாரிப்பார். பிறகு நோய் என்று படுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். படுத்திருந்தாலும் படுத்திருப்பது பாக்கியலெட்சுமிதானே.

ஒரு வழிதான் தெரிகிறது. பாக்கியலெட்சுமி கொழும்பில் வேலை செய்கிறாள், அட்டை அவளிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். பொய் இல்லை, காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. யார் நீ என்று கேட்டால் தங்கச்சி சிவசக்தி என்று சொல்லுங்கள். எனக்கு எங்கேயும் அட்டை இல்லை, அந்தப் பெயரைத் தேடி யாரும் வர மாட்டார்கள். ஒரே ஒரு நாள். கமெரா போகும் வரைக்கும் நீங்கள் நானாக இருங்கள்.

கேசினியிடம் சொல்லி வைக்க வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் தாய். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள், அக்கா. காலில் விழுந்து கேட்கிறேன்.

தங்கச்சி


கல்லுமலை
09.09.2007

தங்கச்சிக்கு,

முடிந்தது. ஒழுங்காக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

வெள்ளிக்கிழமை பின்னேரம் லயத்துக் காம்பரா பன்னிரண்டு வீட்டுக்கும் நானே போனேன். நாளைக்கு யார் கேட்டாலும் நான் பாக்கியம் இல்லை, சக்தி என்று சொன்னேன். காரணம் சொல்லத் தொண்டையைக் கனைத்தேன். ஒருவரும் காரணம் கேட்கவில்லை. இராசையா மாமா மட்டும், "எங்க வீட்டு ரெண்டாவது மகன் அவன் செத்துப்போன அண்ணன் பேர்லதான் கட்டாருக்கு வேலைக்குப் போயிருக்கான். நீ போ" என்றார். அப்போதுதான் தெரிந்தது, நம் லயத்தில் யார் யார் யாராக இருக்கிறார்கள் என்று.

பிள்ளையிடம்தான் சொல்ல முடியவில்லை. காலையில் தலை சீவும்போது இரண்டு தடவை வாயைத் திறந்தேன். அவள் சைக்கிள் சிவப்பா நீலமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குள் கோயில் வளைவில் வேன் சத்தம் கேட்டுவிட்டது.

வேன் இறங்காது என்று சைக்கிளைத் தோளில் தூக்கி வந்தார்கள். சிவப்பு. தொரை தொப்பியோடு முன்னால் நடந்தார். கிளாக்கர் ஐயா பின்னால் நின்று தன் கால் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மைக் வைத்திருந்த பெண், "அம்மா எங்கங்க?" என்று கேட்டாள். நான் மனப்பாடம் பண்ணியதைச் சொன்னேன். "அக்கா கொழும்புல வேலைங்க. நான் தங்கச்சி, சிவசக்தி."

கேசினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவள் என் சேலை முந்தானையைப் பிடித்திருந்தாள். அதை விட்டுவிட்டாள். அந்தப் பெண் குனிந்து மைக்கை அவளிடம் நீட்டினாள்.

"இவங்க யாரும்மா?"

"சித்தி."

"அம்மா இப்ப டிவி பாத்துக்கிட்டு இருப்பாங்க. என்ன சொல்லப் போற?"

"அம்மா, சைக்கிள் கெடச்சிருச்சு. தீவாளிக்கு வாங்க. சித்தி என்னைய நல்லா பாத்துக்கிறாங்க."

கமெராவை நேராகப் பார்த்துச் சொன்னாள். ஒரு சொல் தடுமாறவில்லை. மைக் வைத்திருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கமெராக்காரன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான், அப்போதும் அதே மாதிரிச் சொன்னாள். சக்தி, யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எட்டு வயது. என் முகத்தைப் பார்த்தே படித்துவிட்டாள். இந்தப் பொய்யை இவ்வளவு சுத்தமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை இத்தனை நாள் என்னவெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாளோ என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அட்டை அக்காவிடம் இருக்கிறது என்றேன், தொரை தானே பொறுப்பு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். படம் பார்க்க டிக்கெட் அனுப்ப வேண்டும் என்று உன் விலாசம் கேட்டார்கள். தொரை பக்கத்தில் நின்றார். கொடுத்துவிட்டேன். திட்டாதே.

அக்கா


வெள்ளவத்தை
07.10.2007

அக்கா,

ஒரு மாதமாக எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போடுங்கள்.

22ஆம் தேதி டிவியில் போட்டார்கள். போர்டிங்கில் டிவி இருக்கிற ஹோலில் எல்லாரோடும் உட்கார்ந்து பார்த்தேன். கீழே என் பெயரை, அதாவது உங்கள் பெயரை, பெரிய எழுத்தில் போட்டார்கள். பரிசு பெற்ற பிள்ளையின் தாயார், கொழும்பில் தொழில் புரிகிறார் என்று. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். போர்டிங்கை நடத்துகிற லீலாதேவி அன்ரி, "பிள்ளை, உமக்கு எட்டு வயசில ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கெண்டு ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று கேட்டார். வெட்கமாக இருந்தது, அன்ரி, என்றேன். கேசினி "தீவாளிக்கு வாங்க" என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. அழுததைப் பார்த்து எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

நான்கு நாள் கழித்து, வேலை விட்டு வரும்போது காலி வீதியில் மறித்தார்கள். ஓர் ஆள் அட்டையை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தான். இருபத்தொன்பதா என்று சிங்களத்தில் கேட்டான். ஆம் என்றேன். இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு ஜீப்பில் ஏறச் சொன்னார்கள்.

ஸ்டேஷனில் ஒரு மர வாங்கில் ஐந்து பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். யாரும் யாரோடும் பேசவில்லை. எனக்குச் சுலோஜனாவின் நினைவுதான். என்ன கேட்டாலும் உங்கள் பெயரைத் தவிர வேறு எதுவும் வாயில் வரக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெயர் எழுத வந்த பெண் பொலிஸ் தமிழ் பேசுகிறவர், ஸகீனா என்று பெயர். என் விலாசத்தை எழுதும்போது பேனையை நிறுத்திவிட்டார். "கல்லுமலைத் தோட்டமா? டிவியில வந்த அந்தப் புள்ளைட உம்மாவா நீங்க?"

தலையாட்டினேன். அவர் எழும்பிப் போய் மேலதிகாரியிடம் ஏதோ சொன்னார், என்னைக் காட்டிச் சிரித்தார். நோன்பு திறக்கிற நேரம். தன் கஞ்சியில் பாதியை ஒரு மூடியில் ஊற்றி என்னிடம் தந்தார். "எனக்கும் அதே வயசுல ஒரு மகள். ஒங்கட மகள் கதைக்கக்குள்ள நான் அழுதுட்டேன்" என்றார். அந்தக் கஞ்சியைக் குடித்தேன் அக்கா. பிறகு என்னைப் போகச் சொன்னார்கள். மற்ற நான்கு பேரும் அந்த வாங்கிலேயே இருந்தார்கள்.

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஸகீனா போர்டிங்குக்கே வந்தார். தன் மகளுடைய உடுப்புகளைக் கேசினிக்கு என்று கொண்டுவந்தார். இன்றைக்கும் வந்தார். நல்ல மனுஷி. அதுதான் எனக்குப் பயம். கட்டிலில் உட்கார்ந்து மகள் கதை கேட்கிறார். எந்த மாதம் பிறந்தாள், எங்கே பிறந்தாள், ஆபரேஷனா, எப்போது நடந்தாள். நான் ஞாபகமில்லை என்றேன். "பெத்தவக்கு மறக்குமா அது?" என்று சிரித்தார். சிரித்தாலும் பார்வையை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

அக்கா, கேசினி பிறந்த தேதி எனக்குத் தெரியாது. நான் அப்போது சின்னப் பிள்ளை. அவளுக்குப் பாகற்காய் பிடிக்காது என்பது மட்டும்தான் தெரியும்.

டிக்கெட் வந்துவிட்டது. 20ஆம் தேதி படம். அன்று தாயும் பிள்ளையும் மேடையில் ஏற வேண்டும். ஸகீனாவும் மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம், என் பக்கத்தில் உட்கார. போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று முதலில் கேட்பவர் அவராகத்தான் இருப்பார். கேசினியை அனுப்புங்கள். அதற்கு முன் எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள், ஒன்று விடாமல். படித்துக்கொள்கிறேன்.

தங்கச்சி


கல்லுமலை
14.10.2007

தங்கச்சிக்கு,

எழுதுகிறேன், படித்துக்கொள்.

1999ஆம் ஆண்டு, மார்ச் 14. ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை வலி வந்தது. கொழுந்து லொறியில் சாக்கு விரித்துப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பகல் பதினொன்றே காலுக்குப் பிறந்தாள். இரண்டு கிலோ நானூறு. ஆபரேஷன் இல்லை. அதை மறக்காதே, உன் வயிற்றில் தழும்பு கிடையாது. பதினொரு மாதத்தில் பிடிக்காமல் நடந்தாள். முதல் பல் கீழே. இரண்டு வயதில் நெஞ்சுச்சளி, ஒன்பது நாள் வார்டில் இருந்தோம். இடது தொடையில் பயறு அளவு மச்சம். இருட்டில் தூங்க மாட்டாள், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், சுண்டு விரலை மட்டும். பெயர் வைத்தது தகப்பன். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் ஆஸ்பத்திரித் தாதி ஒருத்திக்கு அந்தப் பெயர், நல்லவள் என்று சொல்.

இன்னொன்று இருக்கிறது. பிறந்த அன்றைக்கு நானும் அவளும் மட்டும் இருந்தபோது நடந்தது. அதை எழுதவில்லை. அது எனக்கு இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை மர்ஸூக் நானாவும் அவருடைய வீட்டுக்காரியும் வேனில் கொழும்புக்குப் போகிறார்கள். பிள்ளையை அவர்களோடு அனுப்புகிறேன். என்னால் வர முடியாது. வழியில் மறித்தால் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. பத்திரமாகத் திருப்பி அனுப்பு, சக்தி. அவளைத் தவிர எனக்கு வேறு யாரும் இல்லை.

டிவியில் வந்த நாளிலிருந்து சைக்கிளைப் பார்க்க யார் யாரோ வருகிறார்கள். பெரகலையிலிருந்து, ஹல்துமுல்லையிலிருந்து, சிலர் எங்கிருந்து என்றே தெரியவில்லை. மோட்டார் பைக்கில் இரண்டு பேர் வந்து பாக்கியலெட்சுமி எப்போது கொழும்புக்குப் போனாள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் முன்னால் கேசினி என்னைச் சித்தி என்றுதான் கூப்பிட்டாள். நல்லதுதான் என்று நினைத்தேன்.

உன்னை அம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று புதன்கிழமை உட்கார வைத்தேன். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

நேற்று எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகவில்லை. லயத்தில் ஓர் ஆள் இல்லை, எல்லாரும் கொழுந்து மலைக்குப் போயிருந்தார்கள். கேசினி விளையாடிவிட்டு வந்தாள். வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னேன். சாத்தினாள். "இப்ப யாருமில்லடி. ஒரு தடவ அம்மான்னு கூப்பிடு" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்தாள். லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். திரும்பி வந்து தட்டை எடுத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"சோறு போடுங்க, சித்தி" என்றாள்.

போட்டேன்.

அக்கா